சிஎஸ்ஆர் பக்கமும் நோட்ஸ் பக்கமும்

சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் எந்தப் பெரிய கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்தாலும், முன்பக்கங்களிலேயே படங்கள் வந்துவிடும்: புது வண்ணமடித்த அரசுப் பள்ளி, தூர்வாரிய ஏரி, மருத்துவ முகாம். சிஎஸ்ஆர் எனப்படும் அந்தச் சமூகப் பொறுப்புச் செலவு, அறிக்கையின் பின்பகுதியில் நிதியறிக்கைக்கான நோட்ஸில் (விளக்கக் குறிப்புகளில்), பத்துப் பன்னிரண்டு வரிகளில் எண்களாக இருக்கும். படங்களை எல்லோரும் பார்க்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு வரிகளைப் படிப்பவர்கள் குறைவு. ஒரு கம்பெனி தன் கணக்கை எவ்வளவு நேர்மையாக எழுதுகிறது என்பதற்கு அந்த வரிகளைப்போல வசதியான சோதனை இடம் வேறில்லை என்பது என் கருத்து. காரணம் எளிது. சிஎஸ்ஆர் தொகை லாபத்திலிருந்து பிறக்கும் எண். லாபத்தைக் கணக்கிட்ட விதம் சரியில்லை என்றால் இதுவும் சரியாக இருக்காது.

சமூகப் பொறுப்புள்ள கம்பெனி கணக்கிலும் நேர்மையாக இருக்குமா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் பல காலமாகக் கேட்டுவருகிறார்கள். 2012-இல் அமெரிக்கக் கம்பெனிகளை வைத்து கிம், பார்க், வியர் மூவரும் செய்த ஆய்வு 'ஆம்' என்றது. சமூகப் பொறுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற கம்பெனிகள் லாபத்தை ஏற்றி இறக்கிக் காட்டுவது குறைவு, பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணையில் மாட்டுவதும் குறைவு என்று அவர்கள் கண்டார்கள். அதற்கு நான்கு வருடம் முன்பு, 2008-இல், ப்ரையர், சுரோக்கா, ட்ரிபோ ஆகியோர் 26 நாடுகளின் 593 கம்பெனிகளை எடுத்துப் பார்த்தபோது வேறு விடை வந்தது. லாபத்தை வளைக்கும் மேலாளர்கள், அது வெளியே தெரிந்தால் வரக்கூடிய எதிர்ப்பைச் சமாளிக்கவே சமூகப் பணியில் அதிகம் இறங்குகிறார்கள் என்பது அவர்களுடைய வாதம்.

இந்த ஆய்வுகளில் 'கணக்கின் தரம்' என்பதை அளக்க ஒரு வழி உண்டு. லாபத்தில் கைக்கு வந்த பணம் எவ்வளவு, வரவேண்டிய பாக்கி, சரக்கிருப்பு, ஒதுக்கீடு போன்ற மதிப்பீடுகளால் ஆன பகுதி எவ்வளவு என்று பிரிப்பார்கள். விற்பனை வளர்ச்சியையும் இயந்திரங்களின் மதிப்பையும் வைத்து, அந்த மதிப்பீட்டுப் பகுதி இயல்பாக இவ்வளவு இருக்கலாம் என்று கணிப்பார்கள். அதற்கு மேல் நிற்பது மேலாளரின் கைவேலை என்று சந்தேகிக்கப்படும். 1991-இல் ஜோன்ஸ் வகுத்து, 1995-இல் டெச்சோவும் சகாக்களும் திருத்திய கணக்கீட்டு முறை இது. சாதாரண முதலீட்டாளருக்கு இவ்வளவு தேவையில்லை. ஐந்து வருடங்களின் நிகர லாபத்தைக் கூட்டுங்கள். அதே ஐந்து வருடங்களின் செயல்பாட்டுப் பணவரவைக் கூட்டுங்கள். இன்ட் ஏஎஸ் (இந்தியக் கணக்கியல் தரநிலை) முறையில் உற்பத்திக் கம்பெனி கட்டும் வட்டி செயல்பாட்டுப் பிரிவில் வராது. தேய்மானமும் திரும்பக் கூட்டப்படும். ஆகவே பணவரவு லாபத்தைவிட அதிகமாக இருப்பதே இயல்பு. ஐந்து வருடக் கூட்டலிலும் அது லாபத்துக்குக் கீழே நின்றால், பாக்கி வசூலையும் சரக்கிருப்பையும் உற்றுப் பாருங்கள். வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது.

வெளிநாட்டு ஆய்வு முடிவை அப்படியே இந்தியாவுக்குக் கொண்டுவருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே சிஎஸ்ஆர் பெரும்பாலும் விருப்பச் செலவு. இங்கே 2014 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவின்படி கட்டாயம். முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்டாலே போதும், முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் செலவிட்டாக வேண்டும். எனவே ஒரு கம்பெனி 40 கோடி செலவழித்தது என்பதை வைத்து அதன் மனசாட்சியை எடைபோட முடியாது. அதன் லாபம் அவ்வளவு, அவ்வளவுதான். இந்தியாவில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவது, அந்த 2 சதவீதத்தை எப்படிக் கணக்கிட்டார்கள், எப்போது செலவு என்று எழுதினார்கள், யார் கையில் கொடுத்தார்கள், மிச்சத்தை எங்கே காட்டினார்கள் என்பதில்தான்.

எந்த லாபத்தில் 2 சதவீதம்?

பிழை தொடங்கும் முதல் இடம் இது. லாப நஷ்டக் கணக்கின் கடைசி வரியில் இருக்கும் லாபம் இதற்கு உதவாது. அதே சட்டத்தின் 198-ஆவது பிரிவின்படி தனியாகக் கணக்கிட வேண்டும். வருமான வரியைக் கழிக்கக் கூடாது. நிலம், கட்டடம் போன்ற மூலதனச் சொத்தை விற்று வந்த லாபத்தைச் சேர்க்கக் கூடாது. கைக்கு வராத, காகிதத்தில் மட்டும் ஏறிய மதிப்பு உயர்வையும் சேர்க்கக் கூடாது. வெளிநாட்டுக் கிளைகளின் லாபமும், 135-ஆவது பிரிவைத் தாமே கடைப்பிடிக்கும் இந்தியக் கம்பெனிகளிடமிருந்து வந்த டிவிடெண்டும் கழியும். முந்தைய வருடங்களில் இதே முறையில் கணக்கிட்டு வந்து, இன்னும் ஈடுகட்டப்படாத நஷ்டம் இருந்தால் அதையும் கழிக்கலாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஆட்டோ உதிரிபாகக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய லாபம் மூன்று வருடங்களில் 18 கோடி, 24 கோடி, 36 கோடி. மூன்றாவது வருட 36 கோடியில் 6 கோடி, திருமழிசைப் பக்கம் சும்மா கிடந்த நிலத்தை விற்று வந்தது. அதை நீக்கினால் 18, 24, 30. சராசரி 24 கோடி, அதில் 2 சதவீதம் 48 லட்சம். நீக்க மறந்தால் சராசரி 26 கோடி, கடமை 52 லட்சம். நான்கு லட்சம்தானே என்று விட்டுவிட முடியாது. கடமைத் தொகை 50 லட்சத்தைத் தாண்டாதவரை தனி சிஎஸ்ஆர் கமிட்டி தேவையில்லை, இயக்குநர் குழுவே பார்த்துக்கொள்ளலாம். 52 லட்சம் என்றால் கமிட்டி அமைக்க வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: வரி போக மிஞ்சிய லாபத்தை எடுத்துவிடுவார்கள். 25.17 சதவீத வரி கழித்தால் 24 கோடி ஏறக்குறைய 18 கோடியாகிவிடும், கடமை 36 லட்சத்துக்கு இறங்கிவிடும். 12 லட்சம் குறைவு. சட்டப்படி அது செலவிடாத தொகை, உரிய இடத்துக்கு மாற்றாவிட்டால் அபராதத்துக்கு உரியது.

வாசகர் இதை வெளியிலிருந்தே ஓரளவு சரிபார்க்கலாம். மூன்று ஆண்டறிக்கைகளை எடுத்து, தனிக் கம்பெனிக் கணக்கில் வரிக்கு முந்தைய லாபத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழுமக் கணக்கு வேண்டாம், கடமை ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி. சொத்து விற்ற லாபம், மதிப்பு உயர்வு, டிவிடெண்ட் மூன்றையும் 'இதர வருமானம்' நோட்டில் தேடிக் கழியுங்கள். கிடைத்த சராசரி, ஆண்டறிக்கையோடு வரும் சிஎஸ்ஆர் இணைப்பில் கம்பெனி சொல்லும் சராசரிக்குப் பக்கத்தில் வர வேண்டும். பெரிய இடைவெளி இருந்தால் கேள்வி கேட்கலாம்.

இங்கேயே இன்னொன்று. ஒரு கம்பெனி பொய்யாக 100 கோடி லாபம் காட்டினால், அடுத்த மூன்று வருடங்களின் சராசரி ஒவ்வொன்றும் 33.33 கோடி ஏறும். வருடத்துக்குச் சுமார் 67 லட்சம், மொத்தம் 2 கோடி ரூபாய் உண்மையான பணம் சிஎஸ்ஆருக்குப் போக வேண்டும். லாபம் காகிதத்தில் மட்டும் இருக்கும் கம்பெனிக்கு அந்தப் பணம் கையில் இருக்காது. அறிக்கையில் கொழுத்த லாபம், சிஎஸ்ஆரில் தொடர்ந்து நிலுவை, காரணமாக 'தகுந்த திட்டம் கிடைக்கவில்லை' என்ற ஒரே வரி, இவை மூன்றும் சேர்ந்து வந்தால் பணப்புழக்க அறிக்கைக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

மார்ச் 31 இரவு

எல்லாவற்றையும்விட அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இது. வருடம் முழுக்கத் திட்டம் நகராது. மார்ச் கடைசி வாரத்தில் முழுத்தொகையும் ஏதோ ஓர் அறக்கட்டளையின் கணக்குக்கு மாற்றப்படும். 'செலவிட்டாயிற்று' என்று நோட்ஸில் எழுதப்படும். செயல்படுத்தும் அமைப்புக்குப் பணம் கொடுத்தால் மட்டும் அது செலவாகாது, அந்த அமைப்பு அதை உண்மையில் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி பதில் குறிப்பில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கொடுத்த பணம் ஒப்புதல் பெற்ற காரியத்துக்கே பயன்பட்டது என்று கம்பெனியின் சிஎஃப்ஓ (தலைமை நிதி அதிகாரி) இயக்குநர் குழுவுக்குச் சான்று தர வேண்டும் என்பது விதி. அந்தச் சான்றுக்குப் பின்னால் அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு விவரம், பில்கள், பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவை கோப்பில் இருக்கின்றனவா என்று ஆடிட்டர் பார்த்தாக வேண்டும். அறக்கட்டளையின் லெட்டர்ஹெட்டில் வந்த ஒற்றைக் கடிதத்தோடு கோப்பை மூடுவது, கணக்கின் தரத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது.

2021 ஜனவரி 22-இல் அமலுக்கு வந்த திருத்தம், செலவாகாத பணத்துக்கு இரண்டு பாதைகளை வகுத்தது. பல வருடத் திட்டம் என்றால், நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள், வங்கியில் அதற்கென்றே திறந்த 'செலவிடப்படாத சிஎஸ்ஆர் கணக்கு'க்கு மாற்ற வேண்டும். மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்க வேண்டும். அதன்பிறகும் மிச்சமிருந்தால் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் சொல்லப்பட்ட நிதிக்குப் போய்விடும். மற்ற திட்டம் என்றால் ஆறு மாதத்துக்குள், செப்டம்பர் 30-க்குள், நேராக அந்த நிதிக்கு. தவறினால் கம்பெனிக்கு, மாற்ற வேண்டிய தொகையின் இரண்டு மடங்கு அல்லது 1 கோடி, எது குறைவோ அது அபராதம். பொறுப்பான அதிகாரிக்குப் பத்தில் ஒரு பங்கு அல்லது 2 லட்சம், எது குறைவோ அது.

இதனால் 'பல வருடத் திட்டம்' என்ற பெயர் கம்பெனிகளுக்கு வசதியாகிவிட்டது. பெயரை வைத்துவிட்டால் மூன்று வருட அவகாசம் கிடைக்கும். உண்மையான பல வருடத் திட்டத்துக்கு ஆரம்பத்திலேயே வருடவாரி பட்ஜெட்டும் இயக்குநர் குழுத் தீர்மானமும் இருக்கும். மார்ச் 28-இல் கூடிய கூட்டத்தில் திடீரெனப் பல வருடத் திட்டமாகும் சமாச்சாரம், தள்ளிப்போடலுக்கு வைத்த பெயர். சிஎஸ்ஆர் இணைப்பில் முந்தைய மூன்று வருடங்களின் செலவிடப்படாத தொகைக்கு ஓர் அட்டவணை உண்டு. அதில் ஒரே தொகை வருடா வருடம் அசையாமல் இருந்தால் கதை விளங்கிவிடும்.

அந்தத் தொகை பேலன்ஸ் ஷீட்டிலும் கடனாக நிற்க வேண்டும். மார்ச் 31 அன்றைக்கே கொடுக்க வேண்டிய கடமை உருவாகிவிட்டதால், ஒதுக்கீடு செய்து லாப நஷ்டக் கணக்கில் செலவாக எழுத வேண்டும். அடுத்த வருடம் கொடுக்கும்போது எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் இந்த வருட லாபம் அந்த அளவுக்கு ஊதியிருக்கும். நேர் எதிராக, கூடுதலாகச் செலவழித்த தொகையை அடுத்த மூன்று நிதியாண்டுகளில் ஈடுகட்டிக்கொள்ளலாம், ஆனால் இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும். ஈடுகட்டும் எண்ணம் இருந்தால் மட்டுமே அந்தக் கூடுதல் தொகையைச் சொத்தாகக் காட்டுவதில் அர்த்தமுண்டு.

யார் கையில் போகிறது

நிறுவனரின் பெயரில், இயக்குநர்களே அறங்காவலர்களாக உள்ள டிரஸ்ட் வழியாகச் செலவழிப்பது நம் ஊரில் பரவலான வழக்கம். அதில் தவறு எதுவும் கிடையாது. பல டிரஸ்ட்கள் தலைமுறைகளாக நல்ல பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துகின்றன. ஆனால் அது கம்பெனியோடு தொடர்புடைய தரப்பு. 2021 மார்ச்சில் திருத்திய, கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அப்படிப்பட்ட டிரஸ்டுக்குக் கொடுத்த தொகையை சிஎஸ்ஆர் நோட்டிலேயே சொல்லச் சொல்கிறது. கடமைத் தொகை, செலவான தொகை, குறைவு, முந்தைய வருடங்களின் மொத்தக் குறைவு, அதற்கான காரணம், பணியின் தன்மை ஆகியவையும் அதே நோட்டில் வர வேண்டும்.

சிஎஸ்ஆர் நோட்டில் டிரஸ்டுக்கு 3 கோடி என்று இருந்தால், தொடர்புடைய தரப்பு நோட்டிலும் அதே 3 கோடி இருக்க வேண்டும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் யாரோ கவனிக்கவில்லை, அல்லது சொல்ல விரும்பவில்லை. அதோடு நில்லாமல், ஆடிட்டர் அறிக்கையோடு இணைந்து வரும் கேரோ 2020 அறிக்கையின் இருபதாவது உட்பிரிவுக்குப் போங்கள். செலவாகாத தொகை உரிய நிதிக்கோ தனிக் கணக்குக்கோ மாற்றப்பட்டதா என்று ஆடிட்டர் அங்கே சொல்லியாக வேண்டும். நோட், இணைப்பு, ஆடிட்டர் அறிக்கை என்று மூன்று இடங்களிலும் ஒரே எண் வந்தால், அந்தக் கம்பெனியின் கணக்குத் துறை ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

எதைக் கணக்கில் சேர்க்கலாம் என்பதிலும் நல்லெண்ணத்தோடேயே தவறு நடக்கும். வெள்ளம் வந்தால் சென்னைக் கம்பெனிகள் முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் காசோலை கொடுக்கும். நல்ல காரியம், ஆனால் அது சிஎஸ்ஆர் செலவில் சேராது. 2020 ஏப்ரலில் அமைச்சகம் இதை வெளிப்படையாகச் சொன்னது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கொடுத்தால் சேரும். மாரத்தானுக்கு ஸ்பான்சர் செய்து டி-ஷர்ட்டில் லோகோ போட்டுக்கொள்வது விளம்பரச் செலவு. பொருளாகக் கொடுத்ததற்கு விலைபோட்டு சிஎஸ்ஆர் எண்ணில் ஏற்றவும் முடியாது. நிர்வாகச் செலவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தச் செலவை வருமான வரியில் தொழில் செலவாகக் கழிக்க முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் இதற்காக வாங்கும் பொருளுக்குக் கொடுத்த ஜிஎஸ்டியைக் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளவும் முடியாது. அதனால், சிஎஸ்ஆர் செலவை விளம்பரம், ஊழியர் நலன் என்று வேறு தலைப்பில் நுழைத்து வரிச்சலுகை எடுத்துவிட்டு, சிஎஸ்ஆர் அறிக்கையிலும் அதே தொகையைக் காட்டும் ஆசை வரும். இதை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம், உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆடிட்டரின் வேலை அது.

வெளியிலிருந்து கண்டுபிடிக்கக்கூடியது ஒன்று உண்டு. சிஎஸ்ஆர் பணத்தில் கட்டடமோ கருவியோ உருவாக்கியிருந்தால், அதன் முழு முகவரி, பின்கோடு, உருவான தேதி, தொகை, யார் பெயரில் பதிவு என்ற விவரங்கள் இணைப்பில் இருக்க வேண்டும். கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ளக் கூடாது. பதிவுபெற்ற அறக்கட்டளை, பயனாளிகளின் சுயஉதவிக் குழு அல்லது கூட்டமைப்பு, அரசு அமைப்பு, இவற்றில் ஒன்றின் பெயரில்தான் இருக்கலாம். பின்கோடு 600057 என்று போட்டிருந்தால் எண்ணூருக்கு மின்சார ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். திட்டவாரிப் பட்டியலை இணைப்பில் தேடாதீர்கள். 2022 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் படிவம் சுருங்கிவிட்டது. இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட திட்டங்களைக் கம்பெனியின் இணையதளத்தில் பார்க்க வேண்டும்.

நல்ல பணியும் பொய்க் கணக்கும்

சமூகப் பணி நிஜமாக இருந்தால் கணக்கும் நிஜமாக இருக்கும் என்று எண்ணுபவர்களுக்கு சத்யம் விவகாரம் நினைவிருக்க வேண்டும். 2009 ஜனவரி 7 அன்று அந்த மென்பொருள் கம்பெனியின் நிறுவனர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். 2008-இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கி நடத்திய இஎம்ஆர்ஐ அமைப்பை 2005-இல் ஹைதராபாத்தில் நிறுவியவரும் அவர்தான். அந்த வண்டிகள் காப்பாற்றிய உயிர்கள் நிஜம். அந்த வங்கி இருப்பு பொய். நிறுவனரின் சமூகப் பணியை எவ்வளவு மதித்தாலும், வங்கி இருப்புக்கு வங்கியிடமே நேரடியாக உறுதிக் கடிதம் வாங்க வேண்டிய ஆடிட்டரின் கடமை அதனால் ஒரு துளியும் குறையாது.

சென்னைக்கு மிக அருகில் இன்னொரு விஷயம் இருக்கிறது, என்னை அதிகம் உறுத்துவதும் அதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து மீனவர்களின் படகுகளும் வலைகளும் பாழாயின. மணலி, எண்ணூர் வட்டாரத்தில் ஆலை நடத்தும் எந்தக் கம்பெனியின் அறிக்கையையும் இப்படிப் படியுங்கள்: பசுமைத் தீர்ப்பாயத்தில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் வழக்கோ இழப்பீட்டு உத்தரவோ இருந்தால், அது இன்ட் ஏஎஸ் 37-இன்படி எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது? பணம் வெளியே போக வாய்ப்பு அதிகம் என்றால் ஒதுக்கீடு செய்து லாபத்தைக் குறைக்க வேண்டும். வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அவ்வளவு இல்லை என்றால் நிகழக்கூடிய கடன் என்று நோட்ஸில் எழுத வேண்டும். வாய்ப்பு மிகவும் தொலைவு என்றால் மட்டுமே மௌனமாக இருக்கலாம். இந்த மூன்றில் எது என்பது நிர்வாகத்தின் தீர்மானம், அதனால்தான் கணக்கின் தரம் இங்கே அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது. வேறு சட்டத்தின்படி கட்டாயமான பணியை சிஎஸ்ஆர் என்று காட்ட விதி அனுமதிப்பதில்லை. தீர்ப்பாயம் சுத்தம் செய்யச் சொன்ன இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு, அதன் படத்தைச் சமூகப் பணிப் பக்கத்தில் போடும் அறிக்கையில், அந்தச் செலவு எந்தத் தலைப்பில் விழுந்தது என்று தேடிப் பாருங்கள்.

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட கம்பெனிகள் 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் (தொழில் பொறுப்பும் நீடித்த தன்மையும் பற்றிய) அறிக்கை தர வேண்டும் என்று பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி சொல்லியிருப்பது இதற்கு உதவும். அதில் கட்டிய அபராதங்கள், நடந்துகொண்டிருக்கும் வழக்குகள், விபத்துகள், ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கை எல்லாம் கேட்கப்படுகின்றன. அங்கே ஒப்புக்கொண்ட வழக்கு, நிகழக்கூடிய கடன் நோட்டில் இருக்கிறதா? பெரும்பாலும் இரண்டையும் இரண்டு வேறு துறைகள் தயாரிக்கின்றன, ஒன்றில் இருப்பது மற்றதில் விட்டுப்போகிறது.

மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனிகள் செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும், அதற்கு 21 நாள் முன்பாக அறிக்கை பங்குதாரரிடம் வந்துசேரும். ஒரு பங்கு வைத்திருந்தாலும் கேள்வி அனுப்பலாம். நோட்டிஸிலேயே பேச்சாளராகப் பதிவு செய்யும் முறையும் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். 'சிஎஸ்ஆரில் என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் படங்களைக் காட்டுவார்கள். '198-ஆவது பிரிவுக் கணக்கைத் தாருங்கள்', 'மார்ச் 31 அன்று டிரஸ்டின் வங்கிக் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருந்தது', 'சிஎஃப்ஓ சான்று எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது' என்று நோட் எண்ணையும் பக்க எண்ணையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.